செந்தலைக் கிளியும் கூண்டில் அதன் இனப்பெருக்கமும்

இந்தியாவில் இயற்கையாக வாழும் கிளி இனங்கள் 12. இவற்றுள் ஊர்ப்புறங்களில் எல்லோரும் அறிந்தது, ஆணின் கழுத்தில் ரோஜா நிற வளையம் உடைய பைங்கிளியாகும். அழகில் அதனை விஞ்சுவதும், ஆனால் அத்துணைப் பேருக்கு அறிமுகம் ஆகாததுமான இனம் செந்தலைக் கிளி. பழுத்த பிளம் பழத்தின் நிறத்தை ஒத்த தலையை உடைய இப்பறவை, கூண்டுப் பறவை விரும்புவோரின் கண்ணை நெடுங்காலமாகக் கவர்ந்து வந்துள்ளது. மும்பை போன்ற பெருநகரங்களில் இக்கிளியைத் திருட்டுத்தனமாக விற்போர், "இது காட்டில் பிடித்ததன்று, கூண்டிலேயே பிறந்தது" என்று கூறுவது வழக்கம். வாங்குவோரும் அதனை நம்பி மனம் அமைதி கொள்கின்றனர். இக்கூற்று எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை, இப்பறவையின் இயல்பையும் கூண்டில் அது குஞ்சு பொரிக்கும் முறையையும் அறிந்தால் எவரும் தாமே தீர்மானிக்கலாம்.

செந்தலைக் கிளி வால் உட்படச் சுமார் 14 அங்குலம், அதாவது 35 சென்டிமீட்டர் நீளம் உள்ளது. இந்நீளத்தில் பாதிக்கும் மேல் வாலே ஆகும். ஆதலால் உடல் மைனாவினும் சிறியதாகவே தோன்றும். ஆணின் தலை செந்நிறம். பிடரியை நோக்கிச் செல்லச் செல்ல அதில் நீலம் கலந்து ஊதாவாக மாறும். கழுத்தைச் சுற்றி மெல்லிய கரும்பட்டை ஒன்று காணப்படும். தோளில் அரக்குச் சிவப்பான ஒரு திட்டும், வாலின் நுனியில் வெண்மையும் உண்டு. பெண்ணின் தலை நீலங்கலந்த சாம்பல் நிறமானது. கழுத்தில் கரும்பட்டைக்குப் பதிலாக மஞ்சள் நிறப் பட்டை இருக்கும். தோளில் திட்டு இராது. லின்னேயஸ் 1766-ஆம் ஆண்டில் இதற்கு இட்ட விஞ்ஞானப் பெயரில் உள்ள 'சையனோசெபாலா' என்னும் சொல்லுக்கு நீலத் தலை என்பது பொருள். ஆணினும் பெண்ணுக்கே பெரிதும் பொருந்துகிற பெயர் இது!

இமயமலையின் அடிவாரம் தொடங்கி இலங்கை வரையில் இந்த இனம் பரவியுள்ளது. இந்தியத் துணைக்கண்டத்துக்கு வெளியே இயற்கையாக வாழ்வதில்லை. மரங்கள் அடர்ந்த மலைச்சரிவுகளும் காட்டோர வயல்களுமே இதன் இருப்பிடம். மும்பை நகரத்தின் வடபகுதியில் நூறு சதுரக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் அமைந்துள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் இதனைக் காணலாம். பலாசும் முள்ளிலவும் பூத்திருக்கும் காலத்தில் இதழ்களையும் தேனையும் உண்ண இவை கூட்டமாக வரும். தெற்கே தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் மரத்துக்கு மரம் கத்திக்கொண்டு பறப்பவை வளையக் கழுத்துப் பைங்கிளிகளே. செந்தலைக் கிளியின் குரல் அதைப் போல் கரடுமுரடாக இராது. கேள்வி கேட்பது போல் முடிவில் உயர்ந்து ஒலிக்கும். காட்டில் இதனை முதலில் காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் அக்குரலே.

கிளிகளின் நிறத்தைப் பற்றி இங்கே சிறிது கூறுவது ஆசிரியர்களுக்குப் பயன்படும். கொக்கு, மைனா முதலிய பல பறவைகளின் அலகிலும் காலிலும் காணும் மஞ்சளும் சிவப்பும் அவை உண்ணும் ஆகாரத்திலிருந்து பெறும் கரோட்டீன் வகை நிறமிகளால் உண்டாகின்றன. கிளிகளின் இறகிலுள்ள மஞ்சளும் சிவப்பும் அவ்வாறு வருவன அல்ல. அவை 'சிட்டகோபுல்வின்' என்னும் தனிவகை நிறமியைத் தம் உடலிலேயே உண்டாக்கிக் கொள்கின்றன; வேறு எப்பறவை இனத்திலும் இந்த நிறமி இல்லை. பச்சை நிறத்துக்கோ தனியாக நிறமியே கிடையாது. இறகினுள் கடற்பஞ்சு போல அமைந்த நுண்துளைகள் ஒளியைச் சிதறச் செய்து நீல நிறத்தைத் தோற்றுவிக்கின்றன. அதன்மேல் மஞ்சள் நிறமி படிந்திருப்பதால் நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. கடைகளில் சட்டப்படி கிடைக்கும் பட்ஜரிகார் பறவையின் உதிர்ந்த பச்சை இறகு ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், பச்சை மங்கி மஞ்சளும் பழுப்புமாகத் தோன்றும். ஒளி இறகின்மீது பட்டுத் திரும்பும்போதுதான் நீலம் உண்டாகிறது. ஊடுருவி வரும்போது உண்டாவதில்லை என்பதை மாணவர்கள் இதனால் நேரிலே அறியலாம். செந்தலைக் கிளியின் ஊதாத் தலையும் சிவப்பு நிறமியும் நீல ஒளிச்சிதறலும் கூடியதால் விளைந்ததே.

இந்த அழகிய தலை குஞ்சுப் பருவத்தில் இராது என்பதுதான் மிகவும் முக்கியமான செய்தி. கூட்டைவிட்டு வெளிவரும் குஞ்சின் தலை பச்சை நிறமாகவே இருக்கும். முதல் இறகுதிர்வுக்குப் பின் ஆண், பெண் இரண்டுமே தாய்ப் பறவையைப் போலச் சாம்பல் தலையைப் பெறும். ஆணுக்குச் செந்தலை நிறைவாக அமைய இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆகவே, கூடையில் அடுக்கி விற்கப்படும் குஞ்சுகளில் எது ஆண், எது பெண் என்பதை விற்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரையில் இவை இணைசேர்ந்து முட்டையிடுகின்றன. மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்து கைவிட்ட பொந்தையோ, தானாக உளுத்த பொந்தையோ தேர்ந்து, வாயிலைச் சற்று அகலப்படுத்திக் கொள்ளும். நான்கு முதல் ஆறு வரை வெண்ணிற உருண்டை முட்டைகள் இடப்படும். அடைகாப்பது பெண் மட்டுமே. ஆண் அதற்கு இரையூட்டும். மூன்று வாரங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் குஞ்சுகள் வெளிவரும். பிறந்த குஞ்சுக்குக் கண் திறந்திராது. உடலில் இறகும் இராது. பெற்றோர் இருவரும் ஊட்டி வளர்க்க, ஆறு அல்லது ஏழு வாரங்களில் அவை பறக்கத் தொடங்கும். பறந்த பின்னரும் எங்கே எந்த மரம் பூக்கும், எந்தத் தானியம் எப்போது முற்றும், வல்லூறு வந்தால் எப்படி ஒதுங்குவது என்பனவற்றைக் கூட்டத்தோடு திரிந்தே கற்றுக்கொள்கின்றன. கூண்டில் வளரும் குஞ்சு இப்பாடத்தை அடியோடு இழந்துவிடுகிறது.

இனி, கூண்டில் இதன் இனப்பெருக்கத்தைப் பார்ப்போம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பறவை வளர்ப்போர் பலர் செந்தலைக் கிளியைக் குஞ்சு பொரிக்கச் செய்துள்ளனர். ஆகவே இது இயலாத காரியம் அன்று. ஆனால் அவர்கள் கண்ட இடையூறுகளைக் கேட்டால், நகரத்துச் சந்தில் உள்ள ஒரு கடையின் பின்கட்டில் இது நடைபெறக்கூடியதா என்பது விளங்கும். முதலாவது, சோடி சேர்ப்பதே கடினம். சாம்பல் தலையுடைய இரு பறவைகளை ஆணும் பெண்ணும் என்று எண்ணி ஈராண்டு காத்திருந்து, பின்னர் இரண்டுக்கும் தலை சிவக்கக் கண்டவர்கள் உண்டு. இக்காலத்தில் இறகின் மரபணுவைச் சோதித்து ஆண், பெண் என அறிய முடிகிறது. அவ்வாறு அறிந்த பின்பும் எல்லாச் சோடியும் இணங்குவதில்லை. இக்கிளிப் பேரினத்தில் பெண்ணே அதிகாரம் செலுத்துவது. இனப்பெருக்கப் பருவம் தவிர்ந்த காலங்களில் ஆணை அது அருகில் அண்டவிடாமல் விரட்டும். பறந்து திரிய நீண்ட கூடு வேண்டும். சிறிய கம்பிக் கூண்டில் அடைபட்ட சோடி பெரும்பாலும் முட்டையிடுவதில்லை.

முட்டையிட்டாலும் அபாயம் தீர்ந்துவிடுவதில்லை. செந்தலைக் கிளியின் பெண்ணுக்கு ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. குஞ்சுகளுக்கு இறகு முளைக்குமுன்னரே, இரவில் அவற்றை அணைத்துப் படுப்பதை அது நிறுத்திவிடுகிறது. நம் நாட்டில் மாசி, பங்குனி மாதங்களின் வெப்பத்தில் பொந்தினுள் நான்கைந்து குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் இதனால் தீங்கு நேர்வதில்லை. குளிர்நாடுகளில், பழைய பருவ வழக்கம் மாறாமல் ஆண்டின் தொடக்கத்திலேயே முட்டையிடும் கூண்டுக் கிளியின் குஞ்சுகள் இவ்வாறு குளிரில் விறைத்து மாண்டுபோவதைப் பறவை வளர்ப்போர் பலரும் கண்டுள்ளனர். கூட்டுப் பெட்டியின் அடியில் மின்சார வெப்பம் அமைத்தும், குஞ்சுகளை எடுத்துக் கையால் ஊட்டியும் அவர்கள் இதனைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு பாடுபட்டும் சாதாரணமாக ஒரு சோடி ஆண்டுக்கு ஒருமுறையே பொரிக்கும்.

இதனோடு பட்ஜரிகார் பறவையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலும் மும்பையிலும் 'லவ் பேர்ட்ஸ்' என்று பெயரிட்டு விற்கப்படும் சிறு பறவை பெரும்பாலும் இதுவே. உண்மையான லவ் பேர்டு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம். ஆனால் கடைத்தெருவில் நிலைத்துவிட்ட பெயரை இனி மாற்ற முடியாது. பட்ஜரிகார் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் வாழ்வது. மழை பெய்த இடத்தில் உடனே பெருகிவிட வேண்டும் என்பதே அதன் வாழ்க்கை நியதி. ஆதலால் உணவும் பெட்டியும் கிடைத்தால் ஆண்டின் எம்மாதத்திலும், பிறந்து ஓராண்டு நிறையுமுன்னரே, மீண்டும் மீண்டும் முட்டையிடும். ஜான் கோல்டு என்பவர் 1840-இல் அதனை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். ஆஸ்திரேலியா தன் நாட்டுப் பறவைகளை வியாபாரத்துக்காக ஏற்றுமதி செய்வதைத் தடுத்த பின்னரும், உலகெங்கும் அதன் வரத்துக் குறையவில்லை. கூண்டில் பிறந்தவையே போதுமான அளவுக்கு இருந்தன. கூண்டில் இனப்பெருக்கம் காட்டுப் பறவையைக் காக்கும் என்று வாதிடுவோர் இந்த உதாரணத்தையே எடுத்துக் காட்டுவர். அவ்வாதம் பட்ஜரிகாருக்குச் சரி. மூன்றாம் ஆண்டில் பருவமடைந்து, ஆண்டுக்கு ஒருமுறை பொரித்து, அதிலும் பாதியை இழக்கக்கூடிய செந்தலைக் கிளிக்கு அது பொருந்தாது. ஏணியும் கோணிப்பையும் கொண்ட ஒருவன் ஒரு பிற்பகலில் பல பொந்துகளைக் காலிசெய்து வரக்கூடிய நாட்டில், மூன்று ஆண்டுகள் தீனி போட்டுக் காத்திருந்து எந்த வியாபாரியும் நான்கு குஞ்சுகளை உற்பத்தி செய்ய முற்படமாட்டான்.

சட்டமும் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும்கூட வேட்டையாகவே கருதப்படும். இந்தியப் பறவைகளின் வியாபாரம் 1990-91-இல் முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. சட்டத்தில் 'சிறைப்பட்ட விலங்கு' என்னும் சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கத்தில், பிடிக்கப்பட்டதோடு கூண்டில் பிறப்பிக்கப்பட்டதும் அடங்கும். ஆகவே, கூண்டில் பிறந்தது என்ற கூற்று மெய்யாகவே இருந்தாலும், நம் நாட்டுக் கிளியை வீட்டில் வைத்திருப்பது குற்றமே. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், இத்தகைய குற்றங்களுக்கு மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மக்கா, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி முதலிய வெளிநாட்டுக் கிளிகளின் நிலை வேறு. சர்வதேச உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ள அவற்றை வைத்திருப்போர், 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி அரசாங்கத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். குஞ்சு பிறப்பதையும் கைமாறுவதையும் தெரிவிக்க வேண்டும். இந்த வேறுபாடு பொதுமக்களுக்கு விளங்குவதில்லை. ஆயிரக்கணக்கில் விலை பெறும் வெளிநாட்டுப் பறவையை வளர்க்கலாம், தோட்டத்தில் வந்து அமரும் கிளியை வளர்க்கக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்: முன்னதை வாங்குவதால் நம் காட்டில் ஒரு பொந்தும் வெறுமையாவதில்லை.

மும்பை கோட்டைப் பகுதிக்கு அருகில் 1869-இல் கட்டப்பட்ட கிராஃபோர்ட் மார்க்கெட், இப்போது மகாத்மா ஜோதிபா புலே பெயரால் வழங்குவது, நெடுங்காலமாகப் பறவை வியாபாரத்துக்குப் பேர்போன இடம். அங்கே வனத்துறையினர் வெவ்வேறு ஆண்டுகளில் சோதனை நடத்திக் கிளிகளைக் கைப்பற்றியுள்ளனர். வன உயிரின வியாபாரத்தைக் கண்காணித்துவரும் 'டிராஃபிக்' என்னும் அமைப்பு, நம் நாட்டுக் கிளி இனங்கள் 12-இல் எட்டு சட்டவிரோத விற்பனையில் அகப்படுவதாக 2021-இல் அறிவித்தது. செந்தலைக் கிளி அவற்றுள் ஒன்று. கிளி சோதிடம் பார்ப்போரும் இச்சட்டத்துக்கு விலக்கானவர் அல்லர். 2024 ஏப்ரலில் கடலூர்ப் பகுதியில், தேர்தலில் ஒரு வேட்பாளர் வெற்றி பெறுவார் என்று சீட்டு எடுத்துக் கொடுத்த கிளி வனத்துறையினரால் மீட்கப்பட்டதும், அதன் உரிமையாளர் எச்சரித்து விடுவிக்கப்பட்டதும் செய்தித்தாள்களில் வெளிவந்தன. பரம்பரைத் தொழிலை இழக்கும் அக்குடும்பங்களின் துன்பம் உண்மையானது. அவர்களுக்கு வேறு பிழைப்பு காட்டாமல் சட்டத்தை மட்டும் காட்டுவது களப்பணியாளருக்கு எளிய காரியமாக இராது.

குஞ்சு திருட்டால் நேரும் நஷ்டத்தைக் குஞ்சுகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளவிடலாகாது. பொந்தின் வாய் சிறிது, கை நுழையாது. ஆதலால் திருடுவோர் வாயைக் கோடரியால் பிளந்துவிடுவர், அல்லது கிளையையே வெட்டிச் சாய்ப்பர். அப்பொந்து உண்டாகப் பல ஆண்டுகள் சென்றிருக்கும். அடுத்த ஆண்டில் அதே கிளியோ, மைனாவோ, சிறு ஆந்தையோ அங்கே குடியிருக்க முடியாது. 

நகரத்திலும் இதே நிலைதான். மாதுங்காவின் தெருக்களில் நிழல்தரும் முதிர்ந்த தூங்குமூஞ்சி மரங்களின் பொந்துகளில் பைங்கிளிகள் குஞ்சு பொரிக்கின்றன. தாராவிக்கு அருகே, மித்தி ஆற்றங்கரையில் உள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா ஒரு காலத்தில் நகரத்தின் குப்பைமேடாக இருந்த இடம். 37 ஏக்கர் பரப்புள்ள அவ்விடம் மரம் நட்டுக் காடாக வளர்க்கப்பட்டு 1994-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கூண்டில்லாமல் கிளியைப் பார்க்க விரும்பும் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல அப்பகுதியில் அதனினும் ஏற்ற இடம் இல்லை. மழைக்காலத்துக்கு முன்னர் நகரில் மரக்கிளைகளைத் தறிக்கும் வேலை நடப்பதும், பொந்துகளில் கடைசிக் குஞ்சுகள் இருப்பதும் ஏறத்தாழ ஒரே காலம். பட்ட கிளையில் பொந்து இருந்து கிளிகள் சென்று வந்தால், அக்கிளையை மட்டும் சில வாரம் விட்டுவைக்கும்படி வேலையாட்களிடம் சொல்லலாம்.

களப்பணியாளர் கையில் குஞ்சுகள் வந்து சேரும்போது இனத்தை அறிய அலகே சிறந்த அடையாளம். செந்தலைக் கிளியின் குஞ்சுக்கு அலகு வெளிறிய மஞ்சள். பைங்கிளிக் குஞ்சுக்கு இளஞ்சிவப்பு. பெரிய பச்சைக்கிளியின் குஞ்சு உருவத்தாலும் கனத்த அலகாலும் தனித்துத் தெரியும். இறகு முளைக்காத குஞ்சு ஓரிரு மணி நேரப் பசியால் இறந்துவிடாது; குளிரால் இறந்துவிடும். எனவே துணி விரித்த சிறு பெட்டியில், காற்றுப் புகாமல், சுமார் 30 டிகிரி செல்சியஸ் கதகதப்பில் குஞ்சுகளைச் சேர்த்தே வைக்க வேண்டும். பாலும் ரொட்டியும் கொடுக்கக் கூடாது. பாலிலுள்ள சர்க்கரையைக் கிளியால் சீரணிக்க முடியாது. பலவந்தமாக வாயில் நீர் ஊற்றினால் மூச்சுக்குழலில் புகுந்துவிடும். பரேலில் உள்ள பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை இப்பகுதியினருக்கு அருகில் உள்ளது. மகாராஷ்டிர வனத்துறையை 1926 என்னும் தொலைபேசி எண்ணில் அழைக்கலாம்.

குஞ்சுகளைக் கையாளுவோர் தம் உடல்நலத்தையும் கவனிக்க வேண்டும். சிட்டகோசிஸ் என்னும் கிளிக்காய்ச்சல் பறவையின் எச்சம் காய்ந்து தூசியாகி மூச்சில் சேர்வதால் மனிதருக்கும் தொற்றுவது. 1929-30-இல் தென்னமெரிக்கக் கிளிகள் மூலம் அது பல நாடுகளில் பரவிப் பலரைப் பலிகொண்டது. இன்று மருந்து உண்டு. ஆயினும் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வதும், கூண்டை நனைத்த பின் துடைப்பதும், கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவதும் அவசியம்.

மீட்ட கிளியைக் கூண்டைத் திறந்து அப்பொழுதே பறக்கவிடுவது பார்வைக்கு நல்ல காட்சி, புகைப்படத்துக்கும் ஏற்றது. பறவைக்கு அது பெரும்பாலும் மரணம். சிறகு வெட்டப்பட்டது பறக்காது. கையில் உண்டு வளர்ந்தது இரை தேடாது, மனிதனைக் கண்டு அஞ்சாது. அலகையும் இறகையும் அழிக்கும் ஒருவகை வைரஸ் கூண்டுக் கிளிகளிடையே பரவக்கூடியது. நோயுற்ற ஒன்றை விடுவித்தால் காட்டுக் கூட்டத்துக்கும் அது பரவும். செந்தலைக் கிளியை மாதுங்காத் தோட்டத்தில் விடுவதிலும் பயனில்லை. அதன் இனத்தார் அங்கே இல்லை. முதலில் தனிமைப்படுத்தி நோய் பார்த்து, பின் நீண்ட கூட்டில் பல பறவைகளோடு பறந்து பழகச் செய்து, காட்டு ஆகாரத்தை அறிமுகப்படுத்தி, அதே இனக் கூட்டம் உலவும் இடத்தில் சேர்த்து விடுவதே முறை. இதற்கு மாதக்கணக்கில் ஆகும். மனிதரோடு மிகவும் பழகிவிட்டவற்றை விடுவிக்க இயலாது. அவை அங்கீகாரம் பெற்ற மீட்பு நிலையங்களிலோ மிருகக்காட்சி சாலைகளிலோ தம் எஞ்சிய காலத்தைக் கழிக்கின்றன.